ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்

ஐம்பது வயதில் வேலையை விட்டுவிடலாம். பினாங்கில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, சமைக்க ஓர் ஆள், தோட்டத்துக்கு ஓர் ஆள், ஆண்டு முழுக்க வெயில். சென்னையில் ஆகும் செலவில் அங்கே ராஜா மாதிரி வாழலாம். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் அரக்கோணம் தாண்டுவதற்குள் இப்படி நான்கு காணொளிகளைப் பார்த்துவிடுகிறார்கள். மாலையில் ஊர் திரும்பினால் அதே கனவின் உள்ளூர்ப் பதிப்பு சாலையோரத்தில் பலகையாக நிற்கிறது: முருகன் மலையைப் பார்த்தபடி ஓய்வுக்கால வில்லா, இன்றே முன்பதிவு செய்யுங்கள்.

இதைப் பற்றி எழுதச் சொல்லி மாணவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களில் ஒருவருடைய கேள்வி கூர்மையானது. "அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். சேரியில் பிறந்து அரசு வேலைக்குப் போன முதல் ஆள். பணத்தை வெளிநாட்டில் போட்டு அங்கேயே போய்விடலாம் என்கிறார். இதில் என்ன தப்பு?"

தப்பே இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மண்ணை நேசி, ஊரை நேசி என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களின் வரிசையில் நாங்கள் நிற்கப் போவதில்லை. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று சொன்னவர் அம்பேத்கர். கிராமம்தான் இந்தியாவின் ஆன்மா என்று மற்றவர்கள் உருகிக்கொண்டிருந்தபோது, 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து அந்த ஆன்மாவின் லட்சணத்தைப் போட்டு உடைத்தவர் அவர். ஊர் நமக்குத் தந்தது என்ன? தனிக் குடியிருப்பு, தனிக் குவளை, தனிச் சுடுகாடு. அந்தச் சுடுகாட்டுக்குப் போகப் பாதை கேட்டு மனு கொடுத்தே தேய்ந்த தலைமுறை நம்முடையது. பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப் போகும்போது சேற்றில் கால் வழுக்கியதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், சாதி கேட்காத ஒரு மண்ணில் சாக ஆசைப்பட்டால் அது பேராசை இல்லை. அறுபது வயது வரை அலுவலகத்தில் "கோட்டா" என்ற முணுமுணுப்பை முதுகுக்குப் பின்னால் கேட்டவர் அவர். கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார அவருக்கு எல்லாரையும் விட அதிக உரிமை இருக்கிறது.

(சாதி கேட்காத மண் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து வாங்க மாட்டார்கள்.)

ஆகவே எங்கள் சண்டை அந்த அப்பாவோடு இல்லை. அவரிடம் இதை விற்க வருகிறவனோடுதான்.

அவன் என்ன விற்கிறான்? தாய்லாந்தில் 50 வயது ஆகியிருந்து, வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருந்தால் ஓய்வுக்கால விசா. இலங்கையில் 55 தாண்டியவர்களுக்கு "என் கனவு இல்லம்" என்ற பெயரில் ஒரு விசா. அதற்கு டாலரில் வைப்புத் தொகை வேண்டும். மலேசியா இதையே 2002இலிருந்து "மலேசியா என் இரண்டாம் வீடு" என்று பெயர் வைத்து நடத்துகிறது. மொரீஷியஸிலும் 50 தாண்டியவர்களுக்குத் தனி அனுமதி உண்டு. எல்லாவற்றிலும் விளம்பரத்தின் முதுகெலும்பு ஒரே சொல்: மலிவு. மலிவு என்றால் என்ன அர்த்தம்? கடல் மலிவு கிடையாது, தென்னை மரம் மலிவு கிடையாது. சமைக்கிறவரின் கூலி மலிவு, துணி துவைக்கிறவரின் கூலி மலிவு, கட்டடம் கட்ட பங்களாதேஷிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கடன் வாங்கி வந்து ஒரே அறையில் பத்துப் பேராகப் படுத்திருக்கிறவரின் கூலி மலிவு. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய குறைகூலியில் நடக்கிறது.

இப்போது அந்த நாடுகளின் பெயர்களை இன்னொரு தரம் வாசியுங்கள். மலேசியா, இலங்கை, மொரீஷியஸ், தாய்லாந்து. இது நம் பாட்டன் பூட்டிகளின் பயணப் பட்டியல். நாம் அங்கே ஏற்கெனவே போயிருக்கிறோம்.

திருத்தணி 1911 வரை வட ஆற்காட்டில் இருந்தது; பிறகு சித்தூர் மாவட்டம்; 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். திருத்தணி யாருக்கு என்று தமிழும் தெலுங்கும் வழக்காடிய கதை அது. திருத்தணியில் நிலம் யாருக்கு என்று யாரும் வழக்காடவில்லை. அந்த எல்லைக்கெல்லாம் முன்னால், வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பக்கத்தில் போனவர்கள் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினார்கள். தூரம் போனவர்கள் கப்பல் ஏறினார்கள்: ரங்கூன், பினாங்கு, கொழும்பு, டர்பன். ஊரில் பண்ணையாளாக அடிபடுவதைவிடக் கடல் மேல் என்று போனார்கள். நாங்கள் இதைக் கண்ணீர்க் கதையாக மட்டும் சொல்லமாட்டோம். ரங்கூன் போய்ப் பெரும் வணிகராகி வள்ளலாக வாழ்ந்த பெ.மா. மதுரைப்பிள்ளை நம்மவர். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டு வேலை பார்த்துத் திரும்பி, 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்த இரட்டைமலை சீனிவாசன் நம்மவர். கடல் கடந்தது நமக்கு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் கடல் கடந்த லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு? மற்றவர்களின் முதுமை எப்படி இருந்தது? விளம்பரக்காரன் சொல்லாத பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நேட்டாலில் தொடங்குவோம். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16இல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே இருக்க நினைத்தவர்களுக்கு 1895இல் ஒரு சட்டம் வந்தது: திரும்பிப் போ, அல்லது மறுபடி ஒப்பந்தக் கூலியாக இரு, அல்லது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டு. மாதம் சில ஷில்லிங் சம்பாதித்தவனிடம் 3 பவுன். 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் செய்து, அடிபட்டு, சுடப்பட்டுத்தான் 1914இல் அந்த வரியை ஒழித்தார்கள். இன்றைக்கு ஒருவர் உழைக்காமல் இருப்பதற்காக ஒரு நாடு விசா தருகிறது. அன்றைக்கு உழைத்து முடித்தவன் இருப்பதற்காக அபராதம் கட்டினான்.

மலேயாவில் ரப்பர் விலை விழுந்த 1930களின் தொடக்கத்தைப் பாருங்கள். 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேலை இல்லாத தமிழனுக்கு உட்கார வைத்துச் சோறு போடுவானேன் என்பதுதான் தோட்டத்துரையின் கணக்கு. முதுமை, நோய், விலை வீழ்ச்சி ஆகிய எல்லாச் செலவையும் சென்னை மாகாணத்துச் சேரிகளின் தலையில் கட்டிவிட்டு, திடமான கைகளின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் பிடிக்க வந்தார்கள்.

மிஞ்சி அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய மலேசியத் தமிழர்களில் பெரும் பகுதி. அவர்களுக்கு மலேசியா முதல் வீடு. ஆனால் அந்த வீடு லயம். தோட்ட வேலையோடு கட்டிப்போட்ட வீடு. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, பனை போய்ப் புதுநகரமும் கோல்ஃப் மைதானமும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் லயத்தைக் காலி செய்தார்கள். பினாங்கில் கம்போங் புவா பாலா என்று ஒரு சிற்றூர் இருந்தது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து, கோயில் வைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அந்த நிலம் எங்கள் முன்னோருக்காக விடப்பட்டது என்று அவர்கள் நீதிமன்றம் வரை போய்ச் சொன்னார்கள். 2009இல் அடுக்குமாடித் திட்டத்துக்காக அதை இடித்தார்கள். இரண்டாம் வீடு வாங்க வாருங்கள் என்று உலகத்தையே அழைக்கிற அதே தீவில், முதல் வீட்டின் மேல் புல்டோசர் ஏறியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2007 நவம்பர் 25இல், கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கண்ணீர்ப்புகைக்கு நடுவே இறங்கி நின்றார்கள் என்றால் சும்மா நிற்கவில்லை.

தாய்லாந்துக்கு வருவோம். கஞ்சனாபுரி ஆற்றங்கரையில் இன்று வெள்ளைக்கார ஓய்வூதியர்கள் பீர் குடிக்கும் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. 1942–43இல் ஜப்பான் ராணுவம் சயாம்–பர்மா ரயில்பாதை போட்ட இடம் அது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். அங்கே இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. கூலியாகப் போய்ச் செத்த தமிழனுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அண்மையில்தான் தமிழர்களே முயன்று அங்கே ஒரு நடுகல் வைத்தார்கள்.

இலங்கை இன்னும் பக்கம், இன்னும் கசப்பு. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மாட்டுச் சந்தையில் தலை எண்ணுவதுபோல் பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். போகிறாயா இருக்கிறாயா என்று அந்த மக்களைக் கூட்டிவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று மலையகத்தில் பழைய துரை பங்களாக்கள் சொகுசு விடுதிகள். ஜன்னலைத் திறந்தால் பச்சை மலைச்சரிவு, நடுவில் கொழுந்து பறிக்கும் பெண்கள். படம் எடுத்து முகநூலில் போடலாம். படத்தில் இருக்கும் பெண் இரவு திரும்பிப் போவது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக்கு. அவளுடைய இனத்துக்கு அங்கே ஏழு பேர்ச் நிலம் வாங்குவதே ஒரு தலைமுறைப் போராட்டமாக இருக்கிறது.

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். அந்த ஒப்பந்தத்தில் "எனக்கு" என்று இந்தியா ஏற்றுக்கொண்டவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் வைத்து வேலை கொடுத்தது. வேலையோடு வீடு. வேலை முடிந்தால்? ஓய்வு பெற்ற கையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடி அங்கே பல ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு, 8,000 ஏக்கருக்கு மேல். அதைத் தோட்டமாக்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனபோது 1999 ஜூலை 23இல் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் விழுந்து 17 பேர் செத்தார்கள். 2024இல் அவர்கள் கையில் விருப்ப ஓய்வுக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கிக்கொள், மலையை விட்டு இறங்கு. நான்கு தலைமுறை அந்த மலையில் பிறந்து, அங்கேயே புதைந்த குடும்பங்கள். காடு காடாகவே திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. காட்டை வெட்டித் தேயிலை வைத்த கம்பெனி லாபத்தோடு போக, வெட்டியவன் மட்டும் ஆக்கிரமிப்பாளன் ஆகிவிடுவதுதான் மறுப்பு.

ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் பாருங்கள். ஓய்வு என்றால் ஒருவனுக்கு வெப்பமண்டல மலைச்சரிவில் வீடு கிடைக்கிறது. அந்த மலைச்சரிவை உண்டாக்கியவனுக்கு ஓய்வு என்றால் வீடு போகிறது.

இனி நம் சாலையோரப் பலகைக்கு வருவோம். வெளிநாட்டில் வாங்க முடியாதவருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வர நினைப்பவருக்கும் திருத்தணிப் பக்கம் மனைகள் காத்திருக்கின்றன. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை, ரயில், அறுபடை வீட்டில் ஒன்று, எட்டிய தூரத்தில் ஏழுமலையான். பக்தியும் முதலீடும் ஒரே பிளாட்டில். வெளிநாட்டு இந்தியர் இங்கே விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தராது. ஆகவே முதலில் வயல் தரிசாக வேண்டும், தரிசு மனையாக வேண்டும். கரும்பும் நெல்லும் விளைந்த நிலத்தில் கல் நட்டுக் கொடி கட்டும் வேலைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த வயலில் நாற்று நட்ட பெண்களுக்கு நஷ்ட ஈடு என்ற பேச்சே எழாது, ஏனென்றால் அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுடைய பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கும்: வாட்ச்மேன்.

அந்த நிலம் யாருடையது என்று கேட்பது நம் கடமை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்ய அரசாணை வந்தது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். திருத்தணி அன்று கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்ததால் இங்கே நில வரலாறு வேறு மாதிரி. ஜமீன் ஒழிந்த பிறகு கொடுத்த ஒப்படைகளைத்தான் இங்கே முக்கியமாகத் தேட வேண்டும். ஆனால் கிழக்கே ரயிலில் கொஞ்ச தூரம் போனால் திருவள்ளூர்; அது பழைய செங்கல்பட்டு மாவட்டம், ட்ரெமென்ஹீர் ஆண்ட பூமி. வடக்கே எல்லையைத் தாண்டினால் நகரி. ஆந்திராவில் ஒப்படை நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்க 1977இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2023இல் அதில் பெரிய ஓட்டை போட்டு, இருபது ஆண்டு கடந்த ஒப்படையை விற்கலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். அவர்கள் பெயர் எந்த வில்லா நுழைவாயிலிலும் இருக்காது.

ரயிலில் காணொளி பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் நம் பிள்ளைகளைத்தான் ரியல் எஸ்டேட்காரர்கள் கமிஷனுக்கு ஆள் சேர்க்கப் பிடிக்கிறார்கள். சேரியில் ஒப்படைப் பட்டா வைத்திருக்கும் கிழவியை நம்பவைக்கச் சேரிப் பையன்தானே வேண்டும்! அன்று மலேயாவுக்கு ஆள் பிடித்த கங்காணியும் சொந்த ஊர்க்காரன்தான், சொந்த மொழியில்தான் பேசினான், வெள்ளைத் துணி கட்டித்தான் வந்தான். அந்த வேலைக்குப் போகாதீர்கள். வயிற்றுப்பாடு எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கிழவிக்கு நிலம் போன பிறகு மிஞ்சுவது முதியோர் உதவித்தொகை. 2023இல் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 40 ரூபாய். அவளுடைய ஓய்வுக்கால முதலீட்டுத் திட்டம் அவ்வளவுதான், அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வந்தால்.

கேள்வி கேட்ட மாணவரின் அப்பாவுக்கு எங்கள் பதில் இது. ஐயா, நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போய் நிம்மதியாக இருங்கள். பணத்தைக் கொடுக்கும் முன் அந்த மனைக்கு முன்னால் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோப்பு பார்த்தவர் நீங்கள். வில்லங்கச் சான்று படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளூரில் எங்களுக்கு அந்தக் கண்தான் வேண்டும். இளைஞர்களிடம் கால் இருக்கிறது, கோபம் இருக்கிறது, பதிவேடு படிக்கத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு: உங்கள் ஊரில் எந்தப் பலகை முளைத்தாலும் அதிலுள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். டி.சி. ஒப்படை என்றோ, நிபந்தனைப் பட்டா என்றோ, அனாதீனம் என்றோ ஒரு குறிப்பு இருந்தால் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பழைய அடங்கலையும் சேர்த்துக் கேளுங்கள்; 1960க்கு முந்தையது வேண்டுமென்றால் அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் அதே மனுவில் கேளுங்கள், தெலுங்கில் இருந்தாலும் வாங்கி வையுங்கள், படித்துச் சொல்ல நகரிப் பக்கம் தோழர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது கையில் முழக்கத்தோடு சேர்த்து இந்தத் தாள்களும் இருக்கட்டும்.